முதலில் அவள், பிறகு வண்டி

ப்ளக்கைப் பிடுங்கி, வாயால் ஒரு ஊது ஊதி, மறுபடியும் சாக்கெட்டில் அழுத்திச் செருகினாள் மருமகள். சுவிட்சைத் தட்டிவிட்டுக் காரின் மூக்கைப் பார்த்தாள். சார்ஜ் ஏறினால் அங்கே பச்சை விளக்கு எரியும். கோளாறு என்றால் சிவப்பு எரியும். இரண்டும் எரியவில்லை. இது நாலாவது தடவை.

பச்சைப் பட்டாணி நிறம் என்பதால் அந்தக் குட்டி எலெக்ட்ரிக் காருக்கு வீட்டில் பட்டாணி என்றே பெயர். நாலு பேர் உட்காரலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அந்த நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் மனஸ்தாபம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். இப்போது அதன் பேட்டரியில் ஏழு சதவீதம்தான் மிச்சம்.

வீட்டுக்குள் மாமியார் இறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. காலை ஆறு மணிக்குத் தூக்கத்திலேயே, யாரையும் கூப்பிடாமல் போய்விட்டார். தண்ணீர் கேட்டால்கூட அரை டம்ளர் போதும் என்று கேட்கிறவர். மாலை நாலு மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது. மயானத்தில் அந்த நேரம்தான் கிடைத்தது, தள்ளிப்போட வழியில்லை.

அதற்குள் சின்னவள் வந்தாக வேண்டும். சின்னவள் என்பது மாமியாரின் ஒரே தங்கை. எழுபது வயதைத் தொட்ட பிறகும் அவருக்கு அந்தப் பெயர்தான். இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். இடுப்பில் கம்பி வைத்த பிறகு சாதாரணக் காரில் ஏற முடியாது. ஒரு தடவை வாடகைக் காரில் ஏற்றப் பார்த்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டு, இறக்குவதற்குள் எல்லாருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. பட்டாணியின் முன் சீட்டை மட்டும் மாமனார் வெளிப்பக்கம் திரும்புகிற மாதிரி மாற்றி வைத்திருந்தார். அதில் உட்காரவைத்து ஆளோடு சேர்த்து உள்ளே திருப்பிவிடலாம். அவர் அதைச் செய்தது மனைவிக்காக. சின்னவளால் வர முடிந்த ஒரே வண்டியும் அதுதான்.

அக்காவும் தங்கையும் தினமும் காலை எட்டு மணிக்குப் போனில் பேசுவார்கள். பல் துலக்கியது முதல் கனவில் வந்தது வரைக்கும் ஒன்று விடாமல் பேசுவார்கள். இன்றைக்கு எட்டு மணிக்கு அந்தப் போன் அடித்தபோது எடுத்துச் சொன்னவன் மருமகளின் கணவன். மறுமுனையில் அழுகை கேட்கவில்லை. "நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்கடா" என்ற ஒரே வரி மட்டும் வந்தது.

கணவன் இப்போது வாசலுக்கு வந்து நின்றான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன். நூலிழை வித்தியாசத்தைக் கண்ணால் சொல்லிவிடுவான். ஆனால் கரண்ட் என்றால் பத்தடி தள்ளி நிற்பான்.

"ஏறுதா?"

"ஏறினா இப்படி நிப்பேனா?"

"அப்பாவைக் கேக்கலாமா?"

இருவரும் உள்ளறைப் பக்கம் பார்த்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. மாமனார் காலையிலிருந்து அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் மின்சாரம் பார்த்த மனிதர். இந்த வீட்டில் ஒவ்வொரு வயரும் அவர் கைப்பட இழுத்தது.

"வேண்டாம். அவரை விடுங்க" என்றாள். "நான் பாத்துக்கறேன்."

அவள் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணப் பேச்சு நடந்தபோது இதைக் கேட்டு மாமியார் சிரித்துவிட்டு, "நல்லதாப் போச்சு, இனிமே அவருக்கு வீட்டுலயே சண்டை போட ஆள் கிடைச்சுது" என்றார். அப்படியே ஆயிற்று. அவள் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற விதம், வயரைச் சீவுகிற விதம் எல்லாவற்றிலும் மாமனாருக்கு ஒரு குறை இருக்கும். "என்ன இஞ்சினீரே" என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கேலியில் இருந்த பெருமையை அவள் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆனது.

மாமியாருக்கு முடியாமல் போனதும், பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவளும் கணவனும் கிளம்பி இங்கே வந்துவிட்டார்கள். அன்றைக்குப் பட்டாணியில் எழுபத்தைந்து சதவீதம் இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. மருந்துக் கடைக்கும் டாக்டர் வீட்டுக்கும் அலைந்ததில் யாருமே அதைச் சார்ஜ் போட நினைக்கவில்லை என்றுதான் எண்ணியிருந்தாள். ஆனால் ப்ளக் எப்போதும் செருகியேதான் இருந்தது.

டெஸ்டரை சாக்கெட்டில் வைத்தாள். பல்பு எரியவில்லை. கார் மேல் தப்பில்லை என்று அதுவரை தெரிந்தது. படியேறி ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தாள். எல்லாப் பிடியும் மேலேதான் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் மாமனாரின் கையெழுத்தில் வெள்ளை டேப்பில் பெயர் ஒட்டியிருந்தது: ஹால், சமையல், மோட்டார், வண்டி. 'வண்டி' என்றதில் கரண்ட் இருந்தது. இங்கே இருக்கிறது, சாக்கெட்டில் இல்லை. அப்படியானால் நடுவில் எங்கேயோ நிற்கிறது. லிஃப்ட்டில் என்றாலும் இதே கதைதான். ஏழாம் மாடியில் கூப்பிடுகிறார்கள், மூன்றாம் மாடியில் நிற்கிறது என்றால், மூன்றாம் மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

வயர் போன குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். சுவரோடு இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வளைந்து, தோட்டக் குழாய்க்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் நுழைந்தது. அந்தப் பெட்டியை அவள் முன்பு பார்த்ததில்லை. நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் திறந்தாள்.

உள்ளே, கரண்ட்டைத் தானாக வெட்டிச் சேர்க்கிற ஒரு ரிலேயும் ஒரு கான்டாக்டரும் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. வயர்கள் எல்லாம் வகிடெடுத்த மாதிரி ஒழுங்கு. மூடியின் உட்பக்கம் வெள்ளை டேப்பில் எழுதியிருந்தது: முதலில் அவள். பிறகு வண்டி.

இரண்டு வயர் தொகுப்பு. ஒன்றின் மேல் 'வண்டி'. இன்னொன்றின் மேல் 'அவள்'. அந்த இரண்டாவது, சுவரில் ஏறி, மாமியாரின் அறை ஜன்னலுக்குள் போனது.

அவளுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. மாமியாருக்கு மூச்சு மெஷின் உண்டு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியே மூக்குக்கு அனுப்புகிற மெஷின். இரண்டு வருடமாக இரவு முழுக்கவும் மதியம் இரண்டு மணி நேரமும் ஓடும். பழைய வீடு. மெஷினும் காரும் ஒன்றாக இழுத்தால் மெயின் விழுந்துவிடும். அப்படி ஒரு தடவை விழுந்து, இருட்டில் மாமியார் மூச்சுக்குத் தவித்ததைக் கணவன் சொல்லியிருந்தான். அதற்கு அப்புறம்தான் மாமனார் இந்தப் பெட்டியைச் செய்திருக்க வேண்டும். மெஷின் ஓடினால் காருக்குப் போகிற கரண்ட்டை ரிலே தானாகவே வெட்டிவிடும். மெஷின் நின்றால் காருக்குத் திறந்துவிடும். யாரிடமும் சொல்லாமல் செய்து, மூடிவைத்து, இரண்டு வருடமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. கடைசிப் பன்னிரண்டு நாள் மெஷின் இரவும் பகலும் ஓடியது. அதனால்தான் பட்டாணி பட்டினி.

சரி, ஆனால் இப்போது?

ரிலேயின் மேல் விரலை வைத்தாள். இலேசான அதிர்வு. 'அவள்' பக்கம் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. ஜன்னலுக்குள்ளிருந்து, உஸ்ஸென்று இழுத்து, டப்பென்று விட்டு, மறுபடி உஸ்ஸென்று. பன்னிரண்டு நாளாக அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்து அந்தச் சத்தம் காதுக்குள் ஊறிப்போயிருந்தது. டாக்டர் வந்து போனார், சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து அழுதுவிட்டுப் போனார்கள், அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. மூச்சு நின்றுவிட்ட வீட்டில் மூச்சு மெஷின் நாலரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனாள். கதவைத் தள்ளவில்லை. ஒருக்களித்த இடைவெளியில் பார்த்தாள்.

மாமியார் கட்டிலில், கழுத்துவரை போர்வையோடு, இலேசாகத் திரும்பிப் படுத்திருந்தார். மூக்கிலிருந்து எடுத்த குழாய் சுருட்டப்பட்டு மெஷின் மேல் இருந்தது. அதன் நுனியிலிருந்து வந்த காற்றில் மேஜைமேல் இருந்த மருந்துச் சீட்டின் ஓரம் படபடத்தது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து மெஷினின் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிற முகம் இல்லை. யாரோ பதில் சொல்லக் காத்திருக்கிற முகம்.

'மெஷினை நிறுத்துங்க மாமா.' மூன்று சொல். வாய்வரை வந்த அது வெளியே வரவில்லை. அவள் சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள். அப்போது மாமனார் மேல் வந்த அளவு பாசம் அவளுக்கு இதற்கு முன் வந்ததே இல்லை.

பெட்டியை ஓரங்கட்டி வயரை நேராகக் கோத்துவிடலாமா என்று யோசித்தாள். இரண்டு நிமிட வேலை. ஆனால் இரண்டும் சேர்ந்து இழுத்தால் மெயின் விழும். மெஷின் அலாரம் அடித்துக்கொண்டே நிற்கும். அதைவிடக் கேவலம் வேறில்லை.

பக்கத்து வீட்டு மதிலருகில் போய் நின்றாள். அங்கே இருப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். கற்றுக்கொள்ள வருகிற ஒவ்வொருவரும் முதலில் கற்றுக்கொள்வது ஹாரன் அடிக்கத்தான் என்பதால் வந்த பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால் மாமனார் மதில்மேல் எம்பி, உள்ளே உடம்புக்கு முடியாதவள் இருக்கிறாள் என்று கத்தியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பேச்சு நின்றதோடு ஹாரனும் நின்றது. அவர் மாணவர்களைக் கோடித் தெருவுக்கு அழைத்துப்போய்க் கற்றுக்கொடுப்பதை இந்த வீட்டில் யாரும் கவனித்ததில்லை.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு வந்துவிட்டார்.

"அவங்களுக்குன்னா வீட்டையே பேத்துக் குடுக்கறேன்மா. இந்தா, புடி."

வயர் மதில் தாண்டி வந்தது. பட்டாணியின் மூக்கில் பச்சை விளக்கு எரிந்தது. மணி பத்து ஐம்பது. இரண்டு மணி நேரம் ஏறினால் போதும், போய்த் திரும்பிவிடலாம். கணவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் அந்த வயர் மெலிசு. அவளுக்கு அது கையில் வாங்கும்போதே தெரியும். டேபிள் ஃபேனுக்கும் டிவிக்கும் ஆன வயர். கால் மணிக்கு ஒரு தடவை குனிந்து தொட்டுப் பார்த்தாள். முதலில் வெதுவெதுப்பு. அடுத்தது சூடு. பதினொன்று நாற்பதுக்குத் தொட்டபோது விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ப்ளக்கிலிருந்து கருகல் வாசனை வந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கினாள். பட்டாணியில் பதினெட்டு சதவீதம். சின்னவளிடம் போய்ச் சேரலாம், திரும்பி வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை, தடித்த வயர் விற்கிற கடை ஒன்றும் திறந்திருக்காது. ஹாரன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, தன் வயரே தன்னைக் கவிழ்த்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குள் போனாள்.

"மாமா."

"ம்."

"வண்டி சார்ஜ் ஏறலை."

"தெரியும்."

அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். மாமனார் திரும்பவில்லை.

"ஹாரன் வீட்டுலேருந்து எடுத்தே போல."

"ஆமா."

"வாசனை வந்துது. என்ன வயர் அது? ஒரு எம்.எம்.மா?"

"ஒண்ணுதான் மாமா."

"ஒரு எம்.எம். வயர்ல ரெண்டு கிலோவாட்டை இழுத்தியா? நல்ல இஞ்சினீர் நீ." குரலில் கேலி வந்த வேகத்திலேயே வற்றிப்போனது. பிறகு, "கரண்ட் குடுத்தானா அவன்? உடனேயா?" என்றார்.

"கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்தார்."

அவர் தலையை ஆட்டினார். மெஷின் இழுத்தது, விட்டது.

"மெஷினை அந்த வயர்ல மாத்திட்டு, வண்டியை இதுல போடலாம்னு தோணலையா உனக்கு?"

"தோணிச்சு மாமா."

"ஏன் செய்யலை?"

"மாத்தறதுக்கும் ஒரு தடவை நிறுத்தணுமே."

அவர் முதல் தடவையாக அவளைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. பார்த்துவிட்டு மறுபடி சுவிட்சைப் பார்த்தார்.

"நான் இதைச் சும்மா நிறுத்தறது இல்ல தெரியுமா" என்றார். "இவ ரொம்ப முடியாமப் போற வரைக்கும் தினம் காலைல ஒன்பது மணிக்கு வருவேன். 'நிறுத்தட்டுமா'ம்பேன். குழாயை எடுத்துட்டு, தானா ரெண்டு மூச்சு இழுத்துப் பாப்பா. சரியா இருந்தா 'ம்'பா. அந்த 'ம்' வந்தப்புறந்தான் சுவிட்சுல கை வெப்பேன். ஒரு நாள் ஏதோ அவசரத்துல கேக்காம நிறுத்திட்டேன். ரெண்டு நாள் பேசலை எங்கூட. 'என் மூச்சு, நான் சொல்லாம எப்படி நிறுத்துவீங்க'ன்னா."

"சொல்வாங்க" என்றாள் மருமகள். "இதைச் சக்களத்தின்னுகூடச் சொல்வாங்க. என்னைவிட அதைத்தான் அதிகமா கவனிக்கறார்னு."

"உங்கிட்டயும் சொன்னாளா?" அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப்பார்த்து, பாதியில் வேறு ஏதோ ஆயிற்று. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "காலைலேருந்து அஞ்சாறு தடவை கேட்டுட்டேன்" என்றார்.

ஆறுதல் சொல்கிற ஜாதியில் பிறந்தவள் இல்லை அவள், பழுது பார்க்கத்தான் தெரியும். அதனால் தெரிந்ததை மட்டும் சொன்னாள்.

"நேத்து சாயந்திரம் அத்தை எங்கிட்ட கேட்டாங்க மாமா. சின்னவ எப்ப வர்றான்னு. நாளைக்குக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன்."

மாமனார் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து, மனைவியின் காதோரமாக, தினமும் எந்தக் குரலில் கேட்பாரோ அதே குரலில் கேட்டார்.

"சின்னவளைக் கூட்டிட்டு வரணும். வண்டிக்குக் கரண்ட் வேணும். நிறுத்தட்டுமா?"

காத்திருந்தார். காத்திருக்கிற முதுகைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் மருமகள். சட்டைக் காலருக்குமேல் கழுத்து நரம்பு துடித்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் இந்த மனிதர் நாலு மணிவரை இப்படியே குனிந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"ம்" என்றாள்.

திட்டமிட்டுச் சொன்னதில்லை, வந்துவிட்டது. சொன்னபிறகு பயந்துபோய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே கையை நீட்டி சுவிட்சை அழுத்தினார். மெஷின் உள்ளே இருந்த மிச்சக் காற்றை நீளமாக விட்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"எரியுதா பாரு" என்றார்.

அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, வாசலிலிருந்தே "எரியுது மாமா" என்று கத்தினாள். செத்த வீட்டில் கத்தக்கூடாது என்பது கத்தியபிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்றரைக்கெல்லாம் கணவன் வண்டியை எடுத்தான். ஏ.சி. போடாதே, நாற்பதுக்கு மேல் போகாதே, பிரேக்கை மிதிக்காமல் காலை எடுத்தாலே போதும் என்று அவள் ஜன்னலோடு கூடவே நடந்து சொல்லி அனுப்பினாள். கோடித் தெருவரை ஹாரன் முன்னால் ஓடிப்போய்க் குறுக்கே வந்தவர்களை விலக்கிவிட்டார். மூன்றே காலுக்குத் திரும்பியபோது பேட்டரியில் மூன்று சதவீதம் இருந்தது. அந்த மூன்றைச் சொல்லும்போது கணவன் குழந்தை மாதிரி அழுதான்.

சின்னவளை இரண்டு பேர் கைத்தாங்கலாக அறைக்குள் கொண்டுவந்து, மாமனாரின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் அக்காவின் கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காலை எட்டு மணிக்குப் பேச வைத்திருந்ததையெல்லாம் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார். இடுப்பு வலி, பால்காரர் வராதது, கனவில் அம்மா வந்தது. நடுவில் நிறுத்தி, பதில் வருகிற அளவுக்கு இடம் விட்டு, மேலே சொன்னார். மற்றவர்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்ததை மருமகள் பார்த்ததில்லை. மாமனார் சுவரோரம் நின்று தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.

"என்ன சத்தம் அது?"

குளியலறைக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள். பக்கெட்டுக்கு மேலிருந்த குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கீழே சிமெண்டில் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை படிந்திருந்தது. அவர் குழாயைத் திருகி இறுக்கினார். நிற்கவில்லை. இன்னும் இறுக்கினார்.

"வாஷர் போயிருக்கு" என்றார். "எவ்வளவு நாளா ஒழுகுதோ. காதுல விழவே இல்லையே."

சத்தம் வராமலிருக்கச் சொட்டுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். தண்ணீர் கையில் விழுந்து, நிறைந்து, விரலிடுக்கில் வழிந்தது. வாசலில் மயான வண்டி வந்து நிற்பது கேட்டது. கணவன் "அப்பா" என்று கூப்பிட்டான். அவர் கையை எடுக்கவில்லை.